525-இல் நிற்கிறது என் பெல் கிராண்ட். நர்சிங் முடிக்க முடியுமா?

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். நான் சாக்ரமென்டோ பக்கம் இருக்கிறேன், வயது 39. சொந்த ஊர் மதுரை. பி.காம். முதல் வருடத்தில் கல்யாணம் ஆனதோடு படிப்பு நின்றுபோனது. 2015-இல் கிரீன் கார்டு கிடைத்தது. 2016-17, 2017-18 இரண்டு வருடமும் ஒரு தனியார் கல்லூரியில் மெடிக்கல் பில்லிங் படித்தேன். முடிக்கும் முன்பே கல்லூரியை மூடிவிட்டார்கள். பிறகு இரண்டாவது குழந்தை. 2020-இல் கம்யூனிட்டி காலேஜில் அக்கவுன்டிங் சேர்ந்து இரண்டு வருடம் முழுநேரம் படித்தேன். மனது நர்சிங்கில்தான் இருந்தது. 2022-23-இல் செமஸ்டருக்கு 6 யூனிட், 2023-24-இல் முதல் செமஸ்டர் 12, அடுத்தது 6 என்று அனாட்டமி, பிசியாலஜி எல்லாம் முடித்தேன். இரண்டு வருடம் காத்திருந்து, இந்த ஆகஸ்ட்டில் நர்சிங்கில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு செமஸ்டர், ஒவ்வொன்றும் 9 யூனிட்.

சந்தோஷப்படக்கூட விடவில்லை. கல்லூரி இணையதளத்தில் என் பெயருக்கு நேரே "525.000" என்று காட்டுகிறது. 600 ஆனால் பெல் கிராண்ட் நின்றுவிடுமாம். கவுன்சலர் "அப்பீல் பண்ணுங்க" என்கிறார். தோழி "அதுக்கு அப்பீலே கிடையாது" என்கிறாள். இன்னொருவர் கல்லூரி மாறினால் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும் என்கிறார். கணவருக்கு மளிகைக் கடையில் வேலை. பழைய கல்லூரிக்காக வாங்கிய 7,000 டாலர் கடனுக்கு இன்னும் மாதாமாதம் தவணை போகிறது. படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

— பெயர் வேண்டாம் அக்கா

பதில்:

அன்புத் தங்கைக்கு,

படிப்பை விடாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியில்தான் உங்கள் வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் அந்த எண் என்ன என்று பார்த்துவிடுவோம்.

பெல் கிராண்ட் என்பது அமெரிக்க மத்திய அரசு வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகை. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. 2025-26 கல்வியாண்டுக்கு உச்சத்தொகை 7,395 டாலர். ஒரு கல்வியாண்டில் உங்களுக்கு ஒதுக்கிய தொகை முழுவதையும் வாங்கினால் 100 சதவீதம் செலவானதாகக் கணக்கு. முழுநேரமாக ஒரு செமஸ்டர் படித்தால் 50. வாழ்நாள் முழுவதற்கும் 600, அதாவது 12 முழுநேர செமஸ்டர். உங்கள் திரையில் தெரிகிற 525 என்பது இதுவரை செலவானது. மீதி 75.

இந்த வரம்பு 2012 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 18 செமஸ்டர் என்று இருந்தது, அதுவும் 2008 ஜூலைக்குப் பிறகு முதன்முதலாகப் பெல் வாங்கியவர்களுக்கு மட்டும். 2011 டிசம்பரில் வந்த பட்ஜெட் சட்டம் அதை 12 ஆகக் குறைத்து, பழைய வருடங்களில் வாங்கியதையும் சேர்த்து எண்ணச் சொன்னது. அந்தக் கோடையில் நான் ஒரு கம்யூனிட்டி காலேஜின் நிதியுதவி கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று பத்து வருடமாக இழுத்துப் பிடித்துப் படித்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கு இரண்டே பாடம் பாக்கி. திரையில் எண் 600-ஐத் தாண்டியிருந்தது. என் பக்கத்து மானிட்டரைத் திருப்பி அவரிடம் காட்டியபோது, அந்த எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது யாரோடதுன்னு சரியா பாருங்க" என்றார். அவருடையதுதான். அன்றிலிருந்து யார் இந்த எண்ணைச் சொன்னாலும் முதலில் அதைப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

உங்களுடையதைப் பிரிப்போம். 2016-17-க்கு 100, 2017-18-க்கு 100. 2020-21-க்கும் 2021-22-க்கும் சேர்த்து 200. 2022-23-இல் இரண்டு செமஸ்டரும் அரைநேரம், அதனால் 50. 2023-24-இல் ஒரு முழுநேரம், ஒரு அரைநேரம், 75. கூட்டினால் சரியாக 525.

அப்படியென்றால் மூடப்பட்ட கல்லூரியில் போன அந்த 200 சதவீதம் இன்னும் உங்கள் தலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது அங்கே இருக்கக் கூடாது.

கல்லூரி மூடியதால் படிப்பை முடிக்க முடியாமல் போனவர்களுக்கு, அங்கே செலவான பெல் சதவீதத்தைத் திருப்பித் தர விதி இருக்கிறது. மத்தியக் கல்வித் துறை தன்னிடம் இருக்கும் பதிவுகளை வைத்துத் தானாகவே கழிக்க வேண்டும். பெரும்பாலும் கழித்தும் விடுகிறார்கள். பதிவில் ஏதாவது பொருந்தாமல் போனால் யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. கல்லூரி மூடிய நாள்வரை நீங்கள் அங்கே படித்தீர்களா, அதற்கு முன்பே நின்றுவிட்டீர்களா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். கடிதத்தைப் பார்த்தால் மூடியதால்தான் நின்றது என்று தெரிகிறது. அப்படியானால் உங்கள் எண் 325 ஆக வேண்டும். மீதி 275.

இதனால் என்ன மாறும் என்று பணமாகவே சொல்கிறேன். 12 யூனிட் முழுநேரம் என்றால் 9 யூனிட் 75 சதவீதம். ஒரு செமஸ்டருக்கு அது வாழ்நாள் கணக்கில் 37.5-ஐ எடுக்கும். உச்சத்தொகைக்குத் தகுதி இருந்தால் கைக்கு வருவது சுமார் 2,773 டாலர். மீதி 75 மட்டும் என்றால் முதல் இரண்டு செமஸ்டரோடு கணக்கு 600-இல் முட்டி நிற்கும். மருத்துவமனைப் பயிற்சி அதிகமாகும் இரண்டாம் வருடத்தில், நீங்கள் வேறு வேலைக்குப் போக முடியாத நேரத்தில், 5,546 டாலர் இல்லாமல் போகும். 275 இருந்தால் நான்கு செமஸ்டருக்கு 150 போக இன்னும் 125 மிஞ்சும். அது வீணாகாது. கம்யூனிட்டி காலேஜில் வாங்கும் இரண்டு வருட அசோசியேட் பட்டத்தோடு பெல் தகுதி முடிவதில்லை, முதல் இளநிலைப் பட்டம் வாங்கும்வரை உண்டு. பதிவுபெற்ற நர்ஸ் (ஆர்.என்.) ஆன பிறகு நர்சிங் இளநிலைப் பட்டம் (பி.எஸ்.என்.) படிக்கும்போது அந்த 125 கை கொடுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இந்த வாரமே மத்திய மாணவர் உதவி இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, "என் உதவி" பகுதியில் எந்தக் கல்லூரியில் எந்த வருடம் எவ்வளவு பெல் வாங்கினீர்கள் என்று இருப்பதைத் தேதியோடு அச்செடுங்கள். மூடிய கல்லூரியின் பெயருக்கு எதிரே இரண்டு வருடம் தெரியும். அதோடு பழைய கல்லூரியிலிருந்து வந்த எந்தக் காகிதம் இருந்தாலும் தேடுங்கள். நிதியுதவிக் கடிதம், கட்டண ரசீது, மூடுவதாக வந்த மின்னஞ்சல், அடையாள அட்டை, எதுவானாலும் சரி. மூடப்பட்ட தனியார் கல்லூரிகளின் மதிப்பெண் பதிவுகளை எங்கே கேட்பது என்று கலிபோர்னியாவில் தனியார் உயர்கல்விக்கான மாநில அலுவலகம் சொல்லும். இவற்றை எடுத்துக்கொண்டு, இப்போது சேரப்போகும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போங்கள். "என் பெல் வாழ்நாள் கணக்கில் தவறு இருக்கிறது, மூடிய கல்லூரியின் 200 சதவீதம் கழிக்கப்படவில்லை, ஆட்சேபம் பதிவுசெய்ய வேண்டும்" என்று எழுத்தில் கொடுங்கள். எண்ணை மாற்றும் அதிகாரம் கல்லூரிக்குக் கிடையாது. மத்தியத் துறைக்கு அதைக் கொண்டுபோக முடியும். கூடவே நீங்களும் மத்திய மாணவர் உதவி தகவல் மையத்தைக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவர் "அதெல்லாம் தானா நடக்கும்மா" என்று அனுப்பப் பார்த்தால், மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தான். ஆகஸ்ட் நெருக்கடியில் ஒரு ஆளுக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் அதிகம். அதனால்தான் ஆகஸ்ட்டுக்கு முன்பே போகச் சொல்கிறேன்.

அந்த 7,000 டாலர் கடனைப் படித்ததும் எனக்கு மனது ஆறவே இல்லை. அது மத்திய அரசின் கடனாக இருந்து, கல்லூரி மூடிய நாளில் நீங்கள் அங்கே மாணவியாக இருந்து, படிப்பை முடிக்காமலும், அந்த யூனிட்டுகளை வேறு இடத்துக்கு மாற்றி அதே மாதிரிப் படிப்பை முடிக்காமலும் இருந்தால், கல்லூரி மூடியதைக் காரணம் காட்டி அந்தக் கடனையே ரத்துசெய்யக் கேட்கலாம். நீங்கள் போனது வேறு படிப்புக்கு. ஏற்கப்பட்டால் பாக்கி போய்விடும், இதுவரை கட்டியதும் திரும்பி வரும். விண்ணப்பத்தை உங்கள் கடனை வசூலிக்கும் நிறுவனத்திடம் கேளுங்கள். பரிசீலனை முடியும்வரை தவணையை நிறுத்திவைக்கவும் கேட்கலாம். எழுத்தில் பதில் வரும்வரை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். தவணை தவறிய கடன் இருந்தால் பெல்லே கிடைக்காமல் போகும் அபாயம் இருக்கிறது.

இனி கவுன்சலரும் தோழியும் சொன்னது. இருவர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் வெவ்வேறு சுவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

தோழி சொன்னது 600-ஐப் பற்றி. அது நாடாளுமன்றம் போட்ட வரம்பு. கணக்கில் தவறு இருந்தால் திருத்தலாம். சரியான கணக்கு 600-ஐத் தொட்டுவிட்டால், உடம்பு சரியில்லை, குடும்பக் கஷ்டம் என்று எந்தக் காரணம் சொன்னாலும் விலக்குத் தர யாருக்கும் அதிகாரம் இல்லை. கல்லூரி மாறினாலும் மாநிலம் மாறினாலும் எண் உங்களோடுதான் வரும். புதிதாக ஆரம்பிக்கும் என்று சொன்னவரை நம்பி இடத்தை விட்டுவிடாதீர்கள். கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்கில் இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும்.

கவுன்சலர் சொன்னது வேறு. ஒவ்வொரு கல்லூரியும் மாணவர் திருப்திகரமாக முன்னேறுகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது மத்திய விதி. அதில் ஒரு பகுதி, படிப்புக்குத் தேவையான யூனிட்டில் 150 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது. உங்கள் கல்லூரியில் 24, 24, 12, 18 என்று 78 யூனிட் எடுத்திருக்கிறீர்கள். நர்சிங்குக்கு இன்னும் 36. மொத்தம் 114. அசோசியேட் பட்டம் 70 யூனிட் என்று வைத்துக்கொண்டால் உச்சம் 105. அதனால் நடுவழியில் "அதிகபட்ச காலத்தைத் தாண்டுகிறீர்கள், நிதியுதவி நிறுத்தம்" என்று ஒரு கடிதம் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கடிதத்துக்குத்தான் அப்பீல் உண்டு. முடிவெடுப்பது உங்கள் கல்லூரியேதான். அக்கவுன்டிங்கிலிருந்து நர்சிங்குக்கு ஏன் மாறினீர்கள், இனி எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் என்று கவுன்சலர் கையெழுத்திட்ட படிப்புத் திட்டத்தோடு கொடுங்கள். படிப்பு மாறியவர்களுக்குப் பழைய பாடங்களைக் கணக்கிலிருந்து விடும் கல்லூரிகளும் உண்டு. உங்கள் கல்லூரி விதி என்ன என்று இப்போதே கேளுங்கள். அப்பீல் கடிதத்தில் கண்ணீர்க் கதையைவிடத் தேதிகள் முக்கியம். நான் படித்த நூற்றுக்கணக்கான அப்பீல்களில் ஏற்றுக்கொண்டவை பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும்.

2022-23-ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இனி வருகிற வருடங்களுக்கு உதவும். சதவீதம் என்பது உச்சத்தொகையில் எவ்வளவு என்பதல்ல. அந்த வருடம் உங்களுக்கென்று ஒதுக்கிய தொகையில் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது. வீட்டு வருமானம் கொஞ்சம் கூடி, வருடத்துக்கு 2,200 டாலர்தான் ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைநேரம் படித்து அதில் 1,100 வாங்கினாலும் போவது 50 சதவீதம். 7,395 ஒதுக்கீடு உள்ள வருடத்தில் அதே 50 சதவீதம் 3,697 டாலர் தரும். அதனால் தொகை சிறியதாக, சமாளிக்கக்கூடியதாக இருக்கும் செமஸ்டரில் "இந்த முறை பெல் வேண்டாம்" என்று பணம் வரும் முன்பே நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்து, சதவீதத்தைப் பின்னாளுக்குச் சேமிக்கலாம். 200 திரும்பி வராமலே போய், 75-ஐ வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்றாகிவிட்டால் இது உங்களுக்கு மிகவும் தேவைப்படும். கையில் சேமிப்பு இருக்கும் முதல் வருடத்தில் ஒரு செமஸ்டர் விட்டுவிட்டு, கடைசி வருடத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

அப்படியே ஆனாலும் வகுப்புக் கட்டணத்துக்காகப் படிப்பு நிற்காது. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர், 9 யூனிட்டுக்கு 414. உங்கள் குடும்ப வருமானத்துக்கு மாநிலத்தின் பிராமிஸ் கிராண்ட் அதைத் தள்ளுபடி செய்துவிட வாய்ப்பு அதிகம். அதற்கும் பெல் கணக்கின் 600-க்கும் சம்பந்தமில்லை. பெல் போனால் அடிவாங்குவது பெட்ரோல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு, புத்தகம், சீருடை, கடைசியில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்கு 200 டாலர் கட்டணம், இவைதான். மாநிலம் தரும் இன்னொரு உதவித்தொகையான கால் கிராண்ட்டுக்கு (Cal Grant) தனியாக 400 சதவீத வரம்பு உண்டு, நான்கு முழுநேர வருடம். அதில் நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்றும் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு செப்டம்பர் 2 என்று இரண்டாவது கெடுவும் இருக்கிறது. ஃபாஃப்சா என்ற மத்திய நிதியுதவி விண்ணப்பத்தை மட்டும் ஒரு வருடமும் விடாமல் நிரப்புங்கள்.

மத்திய அரசின் நர்ஸ் கோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களும், அசோசியேட் பட்டம் படிக்கும் நர்சிங் மாணவர்களும் கேட்கலாம். கட்டணத்தோடு மாதச் செலவுக்கும் பணம் வரும். பதிலுக்கு, படித்து முடித்ததும் நர்சுகள் பற்றாக்குறையுள்ள மருத்துவமனையில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும். போட்டி கடுமைதான், ஆனாலும் நீங்கள் கேட்காமல் இருக்கக் கூடாது.

கடன் கடைசி வழி. குடும்பஸ்தரான உங்களுக்கு இளநிலைப் படிப்புக்கான மத்தியக் கடனின் மொத்த வரம்பு 57,500 டாலர், அதில் படிக்கும்போது வட்டி ஏறாதது 23,000 வரை. 2026 ஜூலை 1 முதல் முழுநேரம் படிக்காதவர்களுக்கு வருட வரம்பு யூனிட்டுக்கு ஏற்பக் குறையும், உங்கள் 9 யூனிட்டுக்கும் அது பொருந்தும். அதே நாளிலிருந்து இளநிலை, முதுநிலை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,57,500 டாலர் என்று ஒரு வாழ்நாள் வரம்பும் வருகிறது. கட்டி முடித்தாலும் அந்தக் கணக்கு குறையாது. நீங்கள் அதன் பக்கம்கூடப் போக மாட்டீர்கள். மருத்துவம், சட்டம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சொல்லிவையுங்கள். தனியார் வங்கிக் கடன் மட்டும் இப்போதைக்கு வேண்டாம், யார் எவ்வளவு சுலபம் என்று சொன்னாலும்.

நம்மவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. இந்தியாவிலோ இலங்கையிலோ இளநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குப் பொதுவாகப் பெல் கிடையாது, அந்தப் பட்டம் இங்கே வேலைக்கு உதவாவிட்டாலும். ஃபாஃப்சாவில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று போட்டு வாங்கிய பணத்தைப் பின்னால் திருப்பிக் கட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பி.காம். முதல் வருடத்தோடு நின்றதால் உங்களுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது தங்கை. படிப்பு நின்றுபோனதைச் சொல்லும்போது உங்கள் எழுத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. அது வேண்டாம்.

அச்செடுத்த பக்கத்தில் மூடிய கல்லூரியின் இரண்டு வரிகளையும் பேனாவால் வட்டமிட்டு, கூட்டல் கணக்கைப் பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்த நான்கு நிமிடத்தில் புரிய வேண்டும். ஆட்சேபம் கொடுத்த தேதியையும் வாங்கிக்கொண்டவர் பெயரையும் குறித்துவையுங்கள். நான்கு வாரத்தில் எண் அசையவில்லை என்றால் அந்தக் காகிதங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், அடுத்து யாருக்கு எழுதுவது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா